வளவுக்குள் வருவதும் வெளியே போவதும்: வன்னியில் வீட்டுத்தோட்டத் தற்சார்பு பற்றிய எளிய விளக்கம்

2022 ஆம் ஆண்டில் எரிவாயுவுக்கும் மண்ணெண்ணெய்க்கும் வரிசையில் நின்ற பிறகு, இலங்கையின் வடக்கிலுள்ள வன்னியில் தற்சார்பு வாழ்க்கை பற்றிய பேச்சு பரவலாகியிருக்கிறது. வாழ்வாதாரக் கூட்டங்களிலும் பாடசாலை விழாக்களிலும் அந்தச் சொல் அடிக்கடி ஒலிக்கிறது. கூடவே ஒரு வாக்குறுதியும் வருகிறது. வளவில் நாலு கத்தரியும் நாலு மிளகாய்க்கன்றும் நட்டால் கடைக்குப் போகத் தேவையில்லை என்பதே அந்த வாக்குறுதி. இதை நம்பித் தொடங்கிய குடும்பங்கள் பல, தை மாசியில் பை நிறையக் காய் பறித்துவிட்டு, ஆடி ஆவணியில் காய்ந்த பாத்தியைப் பார்த்து மனம் தளர்ந்து விட்டுவிடுகின்றன. உழைப்புக் குறைந்ததால் இப்படி நடப்பதில்லை. தற்சார்பு எப்படி இயங்குகிறது என்பதை யாரும் அவர்களுக்கு அடியிலிருந்து சொல்லிக் கொடுக்கவில்லை. தோட்டம் செய்து பழக்கமில்லாதவர்களுக்கும் புரியும்படி அதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

## குளத்திலிருந்து தொடங்குவோம்

வன்னியில் வாழும் எவருக்கும் குளம் என்றால் என்னவென்று விளக்கத் தேவையில்லை. நீரேந்து பகுதியிலிருந்து தண்ணீர் உள்ளே வருகிறது, அணைக்கட்டு அதைத் தேக்குகிறது, துருசு வழியாக வயலுக்குப் போகிறது, மிஞ்சினால் வான் பாய்கிறது. மார்கழியில் வான் பாய்வதைப் பார்க்க ஊரே திரண்டாலும், குளத்தின் உண்மையான பலம் ஆவணியில் அதில் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்பதில்தான் தெரியும். சிறுபோகத்துக்கு (கோடைப் பயிர்ச்செய்கைக்கு) எத்தனை ஏக்கர் விதைக்கலாம் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் முடிவெடுக்கும்போதும், குளத்தில் இருக்கும் நீரின் அளவைப் பார்த்துத்தான் ஒவ்வொருவருக்கும் பங்கு ஒதுக்குகிறார்கள். ஆசையைப் பார்த்து ஒதுக்குவதில்லை.

ஒரு வளவும் இப்படித்தான் இயங்குகிறது. படலையைத் தாண்டி உள்ளே வருபவை சில: மழை, வெயில், கடையில் வாங்கிய விதை, பசளை, கோழித்தீவனம், பம்பிக்கான எரிபொருள். உள்ளே தேங்குபவை சில: மண்ணின் வளம், கிணற்று நீர், வீட்டில் எடுத்த விதை, மரங்கள், தோட்டம் பற்றிய அறிவு. வெளியே போகின்றவையும் உண்டு: விற்ற காய்கறி, எரித்த குப்பை, அடித்துச் சென்ற மேல்மண். காசு கொடுத்து உள்ளே கொண்டுவருவது குறைந்து, உள்ளே தேங்குவது கூடி, வீணாக வெளியேறுவது அடைபடும் நிலையை நோக்கி ஒரு வீடு ஆண்டுதோறும் நகர்வதையே இக்கட்டுரை தற்சார்பு என்கிறது. எல்லாவற்றையும் நாமே விளைவிப்பது இந்த வரையறைக்குள் இல்லை. அது யாருக்கும் தேவையுமில்லை.

சுருக்கமாக: எவ்வளவு பறித்தோம் என்பது தற்சார்பின் ஒரு பகுதி மட்டுமே. அதைப் பறிப்பதற்கு எவ்வளவு வாங்கினோம் என்பதும், அடுத்த போகத்துக்கு வளவில் என்ன மிஞ்சியது என்பதும் மற்றைய பகுதிகள்.

## வீட்டுத்தோட்டம் எதைத் தரும், எதைத் தராது

இலங்கையில் ஒருவர் ஓராண்டில் உண்ணும் அரிசி 100 கிலோவுக்குச் சற்று மேல். ஐந்து பேருள்ள குடும்பத்துக்கு 500 கிலோவுக்கு மேற்பட்ட அரிசி வேண்டும். நெல்லாக அது ஏறத்தாழ 800 கிலோ. நல்ல விளைச்சல் தரும் வயலிலும் அதற்கு அரை ஏக்கர் அளவு தேவைப்படும். 10 பேர்ச் வளவு என்பது ஒரு ஏக்கரின் பதினாறில் ஒரு பங்கு. ஆகவே வீட்டுத்தோட்டம் அரிசிப்பானையை நிரப்பாது.

காய்கறிகள் வயிற்றை நிரப்பும் உணவு அல்ல என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். 100 கிராம் கத்தரிக்காயில் ஏறத்தாழ 25 கலோரிதான் உண்டு. மரவள்ளி, வற்றாளை போன்ற கிழங்குகள் அதைவிடப் பல மடங்கு தரும் என்பதால் அவற்றுக்கு ஒரு மூலை ஒதுக்குவது நன்று. ஆனால் தோட்டத்தின் பெரிய கொடை வேறிடத்தில் இருக்கிறது. உலகச் சுகாதார நிறுவனம் ஒருவருக்கு நாளொன்றுக்கு 400 கிராம் காய்கறியும் பழமும் வேண்டும் என்கிறது. ஐந்து பேருக்கு அது 2 கிலோ. காசு தட்டுப்படும்போது வீட்டில் முதலில் குறைவது அரிசியல்ல, இந்த 2 கிலோதான். முருங்கையிலை, பொன்னாங்காணி, அகத்தி, பப்பாசி, தேசிக்காய், முட்டை ஆகியவை வளவிலேயே கிடைத்தால், பிள்ளைகளின் தட்டில் இரும்புச்சத்தும் விற்றமின்களும் கடை விலைக்குக் கட்டுப்படாமல் இருக்கும். ஒரு வளவு முழு மனதோடு நிறைவேற்றக்கூடிய கடமை இது.

## தண்ணீர்: வாளிக்கணக்கு

வன்னி உலர் வலயத்தில் இருக்கிறது. ஆண்டு மழையில் பெரும்பங்கு ஐப்பசியிலிருந்து தை வரைக்குள் பெய்துவிடும். வைகாசி தொடங்கிப் புரட்டாதி வரை சோளகக் காற்று (தென்மேற்குக் காற்று) மண்ணின் ஈரத்தை உறிஞ்சிக்கொண்டே இருக்கும்.

ஒரு சதுர மீற்றர் நிலத்தில் 1 மில்லிமீற்றர் மழை பெய்தால் அது 1 லீற்றர். காய்கறிப் பாத்தியிலிருந்து கோடையில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் அளவு ஈரம் இலைகள் வழியாகவும் மண் வழியாகவும் ஆவியாகிப் போகிறது. அதாவது ஒரு சதுர மீற்றருக்கு 5 லீற்றர் ஊற்ற வேண்டும். 100 சதுர மீற்றர் பாத்தி போட்டால் தினமும் 500 லீற்றர், 10 லீற்றர் வாளியால் 50 வாளி. கப்பியில் இறைப்பவருக்கு இது முடியாத வேலை. பம்பி வைத்திருப்பவருக்கு எரிபொருள் அல்லது மின்சாரச் செலவு. 2022 இல் மண்ணெண்ணெய் கிடைக்காதபோது பல தோட்டங்கள் காய்ந்ததற்குக் காரணம், அவற்றின் அளவு பம்பியை நம்பித் தீர்மானிக்கப்பட்டிருந்ததுதான்.

ஆகவே சிறுபோகப் பங்கு ஒதுக்குவது போல வீட்டிலும் ஒதுக்க வேண்டும். காலபோகத்தில் (மாரிப் பயிர்ச்செய்கையில்) வளவு முழுவதும் பயிரிடலாம். கோடையில் 30 சதுர மீற்றருக்குள் சுருக்கிக்கொண்டால் 15 வாளியில் வேலை முடியும். அந்தச் சிறு நிலத்தில் கீரையும் பயற்றையும் மிளகாயும் கறிவேப்பிலையும் நின்றால் போதும். கரையோரங்களில் இந்தச் சுருக்கம் கட்டாயமானது. மணலுக்குள் மழைநீர் உப்புநீரின் மேல் மெல்லிய படையாகவே நிற்கிறது. அளவுக்கு மீறி இறைத்தால் கீழிருக்கும் உப்பு மேலேறிவிடும்.

பாத்தியின் வடிவமும் காலத்தோடு மாற வேண்டும். கார்த்திகை மார்கழியில் மேட்டுப்பாத்தி போட்டு ஓரத்தில் வடிகால் வெட்ட வேண்டும். 2018 மார்கழியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வந்த வெள்ளத்தை மறக்காதவர்களுக்கு இதை வற்புறுத்தத் தேவையில்லை. கோடையிலோ அதே இடத்தில் பள்ளப்பாத்தி வேண்டும். ஊற்றிய நீர் வேரடியில் நிற்கும், காற்று நேரடியாக மண்ணைத் தொடாது.

கிணற்றடி நீரை விட்டுவிடக் கூடாது. ஒருவர் 6 வாளி அள்ளிக் குளித்தாலும் ஐந்து பேருக்கு 300 லீற்றர். ஒரு சிறு வாய்க்கால் வெட்டி அதைத் திருப்பிவிட்டால் பத்துப் பன்னிரண்டு வாழைகள் கோடையைத் தாண்டும். சவர்க்கார நீரை வாழைக்கும் தென்னைக்கும் விடலாம். பச்சையாக உண்ணும் இலைகளுக்கு விட வேண்டாம்.

## மண்: தேக்கம் எங்கே உடைகிறது

தற்சார்பு வெல்வதும் தோற்பதும் இங்கேதான் என்பது என் உறுதியான கருத்து. அதனால் இப்பகுதியில் சற்று நின்று பார்ப்போம்.

வன்னியின் மேட்டுநிலங்களில் பெரும்பாலும் செங்கபில மண் இருக்கிறது. நனைந்தால் ஒட்டும், காய்ந்தால் மண்வெட்டி துள்ளும் அளவுக்கு இறுகும். இந்த மண்ணைப் பொலபொலவென்று வைத்திருப்பது அதிலுள்ள சேதனப் பொருள். செடி, விலங்குகளிலிருந்து வந்து மக்கிக்கொண்டிருக்கும் எல்லாவற்றையும் சேர்த்து அந்தப் பெயரால் அழைக்கிறோம். அது இரண்டு வேலைகளைச் செய்கிறது: ஈரத்தைப் பிடித்துவைக்கிறது, நைதரசன், பொசுபரசு, பொற்றாசியம் ஆகிய மூன்று முக்கிய போசணைகளையும் மெல்ல மெல்ல வேருக்கு விடுவிக்கிறது. அதை மக்கச் செய்பவை மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள். வெப்பம் கூடக்கூட அவை வேகமாக இயங்கும். எங்கள் வெயிலில் சேதனப் பொருள் மலைநாட்டிலுள்ளதைவிட விரைவாகக் கரைந்துபோவதால், ஒருமுறை எருப் போட்டுவிட்டு ஓய்ந்திருக்க முடியாது. ஒவ்வொரு போகத்திலும் போட வேண்டும்.

அப்படியானால் அது எங்கிருந்து வரும்? வளவுக்குள் விழும் இலையிலிருந்தும் அடுப்படிக் கழிவிலிருந்தும் கால்நடையிலிருந்தும் வரவேண்டும். ஆனால் எங்கள் ஊர்களில் காலையில் முற்றத்தைக் கூட்டிக் குவித்துக் கொளுத்திவிடுகிறோம். அந்தப் புகையில் போவது பெரும்பாலும் காபனும் நைதரசனும். மீதமாவது சாம்பல் மட்டும். அதில் பொற்றாசியமும் கல்சியமும் உண்டு, நைதரசன் இல்லை. வாசலில் தினமும் நைதரசனை எரித்துவிட்டு, மாதக் கடைசியில் அதையே யூரியாவாகக் காசு கொடுத்து வாங்குகிறோம். ஒரு வளவில் அடைக்க வேண்டிய முதல் உடைப்பு இதுதான். முற்றத்தில் சருகு கிடந்தால் பாம்பு வரும் என்ற அச்சம் நியாயமானது. ஆகவே வீட்டைச் சுற்றிக் கூட்டித் துப்புரவாகவே வைத்திருங்கள். கூட்டியதை மட்டும் தீயிடாமல் பின்வளவுக் குழிக்குக் கொண்டுபோங்கள்.

அந்தக் குழியில் நடப்பதைத்தான் கூட்டெரு தயாரித்தல் என்கிறோம். நுண்ணுயிர்களுக்குக் காபனும் வேண்டும், நைதரசனும் வேண்டும். நைதரசன் ஒரு பங்குக்குக் காபன் 25 முதல் 30 பங்கு இருந்தால் அவை நன்றாக வேலை செய்யும். காய்ந்த சருகிலும் வைக்கோலிலும் காபன் அதிகம். பச்சை இலையிலும் சாணத்திலும் நைதரசன் அதிகம். ஆகவே காய்ந்தது ஒரு படை, பச்சை ஒரு படை, மேலே சாணக் கரைசல் என்று மாறி மாறி அடுக்க வேண்டும். வெறும் சருகை அடுக்கினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். வெறும் பச்சையை அடுக்கினால் அழுகி நாறும். நீளம், அகலம், உயரம் மூன்றும் ஒரு மீற்றராவது இருந்தால் உள்ளே வெப்பம் தங்கும். ஈரம் குறையாமல் பார்த்து, அவ்வப்போது புரட்டிக் கொடுத்தால் மூன்று மாதமளவில் மண்வாசனையுள்ள கரிய எரு கிடைக்கும். கோடையில் ஈரம் காக்கக் குழியிலும், மாரியில் நீர் தேங்காதிருக்க நிலத்தின் மேல் குவியலாகவும் போடுவது வன்னிக்குப் பொருந்தும்.

நைதரசன் வளவுக்குள் இலவசமாக வரும் வழியும் உண்டு. காற்றில் ஏறத்தாழ 78 வீதம் நைதரசன்தான். செடிகளால் அதை நேரடியாக எடுக்க முடியாது. பயறு, உழுந்து, கௌப்பி, கச்சான் போன்ற அவரையினப் பயிர்களின் வேர்முடிச்சில் வாழும் பற்றீரியாக்கள் அதைப் பிடித்துச் செடிக்குக் கொடுக்கின்றன. வேலியில் நிற்கும் கிளிசரியாவும் அந்த இனமே. அதன் கதியாலை (நடுவதற்கு வெட்டிய கிளைக்கம்பை) மாரி தொடங்கும்போது ஊன்றினால் போதும். அதன் பிறகு ஆண்டில் பலமுறை குழை வெட்டிப் பாத்திக்கும் குழிக்கும் ஆட்டுக்கும் போடலாம். கம்பி வேலி காசு கேட்கும், இந்த வேலி பசளை தரும்.

அடுத்து நாம் செய்ய வேண்டிய வேலை மூடுபடை. பாத்தி மண் வெளியே தெரியாதவாறு வைக்கோல், சருகு, குழை ஆகியவற்றால் மூடுவதே அது. வெயில் மண்ணைத் தொடாததால் ஆவியாதல் குறைகிறது, களை குறைகிறது, அந்தப் படையே பிறகு மக்கி எருவாகிறது. முன்னே சொன்ன வாளிக்கணக்கு இதனால் கணிசமாகக் குறையும்.

இதிலெல்லாம் காலம் ஒரு முக்கிய பொருள். 2021 ஆம் ஆண்டு சித்திரையில் அரசாங்கம் இரசாயனப் பசளை இறக்குமதியைத் திடீரென நிறுத்தியது. விளைச்சல் வீழ்ந்து, விவசாயிகள் வீதிக்கு இறங்கி, கார்த்திகையில் அந்தத் தடை தளர்த்தப்பட்டது. அந்த அனுபவத்துக்குப் பிறகு சேதனப் பசளை பயனற்றது என்று சொல்பவர்கள் பலர். அங்கே நடந்தது வேறு. மண்ணில் சேதனத் தேக்கம் உருவாக ஆண்டுகள் பிடிக்கும். அந்தத் தேக்கம் இல்லாத நிலத்தில், போதிய மாற்றுப் பசளையும் இல்லாமல், வெளியிலிருந்து வந்ததை ஒரே நாளில் நிறுத்தினார்கள். எந்தக் குளமும் ஆணை பிறப்பித்து நிரம்புவதில்லை. உங்கள் வளவிலும் முதல் ஓரிரு ஆண்டுகள் கொஞ்சம் வாங்கிய பசளை தேவைப்பட்டால் அதற்காக வெட்கப்பட வேண்டாம். ஆண்டுதோறும் அது குறைகிறதா என்று மட்டும் பாருங்கள்.

சுருக்கமாக: எரிக்காதீர்கள், மக்கச் செய்யுங்கள், மண்ணை மூடிவையுங்கள், வேலியில் குழை வளருங்கள்.

## விதை

கடையில் விற்கும் பைக்கற்றுகளில் பல கலப்பின விதைகள். இரண்டு வேறு பெற்றோர் வகைகளை இணைத்துப் பெறும் முதல் தலைமுறை விதையே கலப்பின விதை. அது நன்றாகக் காய்க்கும். ஆனால் அதன் காயிலிருந்து விதை எடுத்து நட்டால் பிள்ளைகள் ஒன்றைப்போல் ஒன்று இருக்காது. அதனால் ஒவ்வொரு போகத்திலும் வாங்க வேண்டியிருக்கும். கலப்பினம் அல்லாத வகைகளில் இந்தக் கட்டாயம் இல்லை. வாங்கும்போதே பைக்கற்றைப் பார்த்துக் கேட்டறிவது நல்லது. கமநல சேவை நிலையங்களில் விவசாயப் போதனாசிரியரிடமும் கேட்கலாம்.

பயற்றை, கத்தரி, தக்காளி ஆகியவை பெரும்பாலும் தம் பூவுக்குள்ளேயே மகரந்தம் சேர்ப்பவை. புதியவர்கள் இவற்றிலிருந்து விதை எடுக்கப் பழகலாம். பூசணியில் தேனீ மகரந்தத்தைக் கொண்டுவருவதால் பக்கத்து வளவுப் பூசணியின் குணமும் கலக்கும். நல்ல காய்களையெல்லாம் சமைத்துவிட்டுக் கடைசியாய் முற்றிய சூம்பலை விதைக்கு விடும் வழக்கம் பரவலாக இருக்கிறது. அதை மாற்ற வேண்டும். நோயில்லாமல், முந்திக் காய்த்த செடியைத் தொடக்கத்திலேயே அடையாளம் வைத்து, அதன் நல்ல காயை விதைக்கு விடுங்கள். நன்றாக உலர்த்தி, பயற்றை விதையானால் சாம்பல் கலந்து, காற்றுப்புகாத போத்தலில் வையுங்கள்.

## கோழி

கோழி ஒன்று நாளொன்றுக்கு 100 கிராமுக்குச் சற்று மேல் உண்ணும். ஐந்து ஊர்க்கோழிகளுக்கு அரைக் கிலோ. குருணல், தவிடு, கீரைக்கழிவு, வளவிலுள்ள புழுபூச்சி ஆகியவற்றால் அதைப் பெரும்பாலும் சமாளிக்கலாம். ஐம்பது கோழிக்கு 5 கிலோ; மாதத்துக்கு 150 கிலோ தீவனம் மூடையாக வந்தாக வேண்டும். ஐம்பது கோழி வளர்ப்பது நல்ல தொழிலாகலாம், ஆனால் தீவன விலை ஏறும் நாளில் அது வீட்டைத் தாங்காது. வீடு அதைத் தாங்க வேண்டியிருக்கும்.

## குரங்கும் யானையும்

இதைச் சொல்லாத எந்த வீட்டுத்தோட்டக் கையேடும் வன்னிக்கு எழுதப்பட்டதல்ல. குரங்கு, மயில், காட்டுப்பன்றி, கட்டாக்காலி மாடு, காட்டோரங்களில் யானை என்று விளைச்சலுக்குப் பங்காளிகள் பலர். 2025 மார்ச் 15 ஆம் திகதி நாடு முழுவதும் ஒரே நேரத்தில் 5 நிமிடம் குரங்கு, மயில் போன்றவற்றை எண்ணும் கணக்கெடுப்பு நடத்தப்பட்டதே இச்சிக்கலின் அளவைக் காட்டும்.

குரங்கு அதிகமுள்ள ஊர்களில் வீட்டிலிருந்து தள்ளிப் பழமரமும் பயற்றையும் நடுவது பெரும்பாலும் குரங்குக்காக நடுவதாகவே முடியும். மிளகாய், பாகல், கறிவேப்பிலை, மஞ்சள், பொன்னாங்காணி போன்றவற்றை அவை அவ்வளவாகத் தேடுவதில்லை. இவற்றை ஓரங்களிலும், குரங்கு விரும்புபவற்றை வாசலுக்கும் கிணற்றடிக்கும் அருகிலும் வைப்பது ஒரு வழி. யானை வரும் எல்லைக் கிராமங்களில் வாழையையும் தென்னையையும் கூட்டுவது ஆபத்து. தோட்டம் போவதைவிட அது உயிர்ச் சிக்கல். இங்கே தனி வீட்டின் தற்சார்பு என்று ஒன்று கிடையாது. அயலவர்கள் சேர்ந்து காவல் பார்க்கும் ஊரில்தான் தோட்டம் மிஞ்சும்.

## பட்டணத்துச் சிறு வளவு

வவுனியா நகரிலோ கிளிநொச்சியில் ஏ9 வீதியை ஒட்டியோ 6, 7 பேர்ச் நிலத்தில் இருப்பவர்களுக்கும் கணக்கு இதே. உரப்பையிலும் பழைய வாளியிலும் மண், எரு, மணல் கலந்து கீரை, மிளகாய், கறிவேப்பிலை வைக்கலாம். பையில் மண் குறைவு என்பதால் ஈரமும் விரைவில் போகும். கோடையில் காலையும் மாலையும் நீர் விட வேண்டும், பிற்பகல் நிழல் கிடைக்கும் சுவரோரம் சிறந்தது. தயார் மண்ணும் நாற்றும் திரவப் பசளையும் மாதந்தோறும் வாங்கிச் செய்யும் பைத்தோட்டம் மனதுக்கு இதமானது. அதைத் தற்சார்பு என்று கணக்கில் எழுத முடியாது. அடுப்படிக் கழிவை மூடிபோட்ட ஒரு வாளியில் மக்கச் செய்யத் தொடங்கும் நாளிலிருந்துதான் அந்தக் கணக்கு தொடங்கும்.

## எப்போது, எதிலிருந்து தொடங்குவது

ஆடியில் குழி வெட்டிச் சருகு சேர்க்கத் தொடங்குங்கள். ஐப்பசி மழைக்கு எரு தயாராகிவிடும். ஆவணியில் வேலி இடைவெளிகளைப் பாருங்கள். புரட்டாதியில் கத்தரிக்கும் மிளகாய்க்கும் நாற்றுமேடை போடுங்கள். முதல் மழையில் மண் நன்றாக நனைந்ததும் மேட்டுப்பாத்தியில் நடுங்கள். கதியாலும் முருங்கைத்தடியும் வாழைக்குட்டியும் அப்போதே ஊன்றப்பட வேண்டும். முதல் ஆண்டில் ஆறேழு பயிருக்கு மேல் வேண்டாம். கீரை ஒரு மாதத்திலும் வெண்டி ஒன்றரை மாதத்திலும் கைக்கு வரும் என்பதால், கீரையை ஒரே நாளில் முழுவதும் விதைக்காமல் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஒரு பாத்தி என்று விதைத்தால் வீணாகாமலும் தட்டுப்படாமலும் கிடைக்கும். மாசி பங்குனி வெயிலில் மிஞ்சும் பாகலையும் கத்தரியையும் வற்றலாக்குங்கள், மிளகாயைச் செத்தலாக்குங்கள்.

ஒரு பழைய அப்பியாசக் கொப்பியில் தோட்டத்துக்காக வாங்கியவற்றை மட்டும் திகதியும் விலையும் போட்டு எழுதி வாருங்கள். பறித்ததை எழுத மறந்தாலும் பரவாயில்லை, வாங்கியதை எழுத மறக்க வேண்டாம். இரண்டாம் ஆண்டு ஆடியில் மீண்டும் குழி நிரப்பும்போது அந்தக் கொப்பியைப் பிரித்து, எந்தப் பொருளுக்கு அதிகம் செலவானதோ அதற்கு மாற்று வளவுக்குள் உண்டா என்று பாருங்கள். அடுத்த காலபோகத்தில் முதலில் செய்ய வேண்டிய வேலை அதிலிருந்தே தெரியும்.